முலாம் பூசிய போல்ட்டுகள்

ரெட்விக் ஏரிக்கரையில் பழைய அமெரிக்கக் கார்கள் ஊர்வலம் போகும் அந்த ஒரு நாளில்தான் குன்வோர் ஹெட்லுண்ட் தன் பட்டறையைப் பூட்டுவாள். பின்னிருக்கையில் பெல்ட்டே இல்லாமல் பிறந்த வண்டிகள் அவை. பேரப்பிள்ளைகளை அவற்றில் ஏற்ற விழைவோர் கோடை பிறந்ததும் அவள் வாசலுக்கே வருவார்கள். தரையைத் துளைத்து, அடியில் எஃகுத் தகடு தாங்க போல்ட் முறுக்கி, பெல்ட் பூட்டி, குழந்தை இருக்கையைப் பின்னோக்கிக் கட்டித் தருவாள். முப்பது கோடைகளை வண்டிகளின் வயிற்றுக்கடியில் மல்லாந்தே கழித்த முதுகு, இந்த ஒரு நாளுக்காக ஏங்கும்.

புல்லில் அமர்ந்து காபியைத் திறந்தவளை ரூனே கைதட்டி அழைத்தான். முந்தின வாரம் இருக்கை கட்டிக்கொண்டு போனவன்.

"வந்து பாரு, குன்வோர். உன் வேலை எப்படி மின்னுதுன்னு."

அவன் காருக்குள் எட்டிப் பார்த்தாள். தரையில் போல்ட்டுத் தலைகள் வெள்ளிபோல் ஒளிர்ந்தன.

"இது நான் போட்டது இல்லையே."

"உன்னோடதேதான். கறுப்பா அசிங்கமா இருந்துச்சு. கழட்டி, குரோமியம் பூசி மாட்டிட்டேன். முறுக்கு நீ சொன்ன அளவு."

அவள் வாயில் காபி கசந்தது. வன்மை ஏற்றிய எஃகு முலாம் தொட்டியில் மூழ்கி எழுந்தால் உள்ளே நொறுங்கும் இயல்பு பெற்றுவிடலாம். வெளியே ஒரு கீறலும் காட்டாது.

ரூனேயின் மருமகள் மாலின், குழந்தை ஆல்வாவை இடுப்பில் ஏந்தி நின்றாள். குன்வோர் சரி என்றால்தான் ஏற்றுவேன் என்று, தொலைவிலுள்ள மால்மோ நகரிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தவள்.

"ஏத்தலாமா?"

ஊர்வலம் நடை வேகத்தில்தானே நகரும். பேசாமல் போய் உட்கார் என்றது முதுகு.

"வேணாம்," என்றாள் குன்வோர். "முலாம் பூசினதால இந்த போல்ட்டு அறுந்தாலும் அறும், அறாமலும் இருக்கும். பாத்துச் சொல்ல என்னால முடியாது."

"மெதுவாத்தானே போறோம்," என்றான் ரூனே.

"வீட்டுக்குத் திரும்புற ரோட்டுல?"

ரூனே போல்ட்டுத் தலையைக் கட்டைவிரலால் தடவினான்.

"அழகு வேணும்னா ஹெட்லைட்டுக்குப் பூசிக்கோயேன்."

"அதுக்குப் பூசியாச்சு," என்றான் முனகலாக. மாலின் சிரித்துவிட்டாள்.

குன்வோர் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வண்டியை எடு. பட்டறையில வேற போல்ட்டு இருக்கு."

மீண்டும் மல்லாந்தாள். புதிய போல்ட்டுகள் கறுப்பாகவே ஏறின. அவர்கள் ஏரிக்கரைக்குத் திரும்பியபோது ஊர்வலம் போயிருந்தது. எண்ணெய் நெடி மட்டும் எஞ்சியிருந்தது. மாலின் குழந்தையை இருக்கையில் கட்டி அருகில் அமர்ந்தாள். வெறிச்சோடிய சாலையில் ரூனே ஒரு சுற்று ஓட்டினான். முன்னிருக்கையிலிருந்து குன்வோர் திரும்பி எட்டிப் பார்த்தாள். பெல்ட் இம்மியும் தளராத இருக்கையில் ஆல்வா அதற்குள் உறங்கிப்போயிருந்தாள்.

குன்வோருக்குச் சற்றே பொறாமையாக இருந்தது.