வல்லக்கோட்டைப் பயணமும் என் டப்பா மாத்திரையும்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம், வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க எப்படிப் போவது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். போன கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதிசயமாக ஓவர்டைமும் இல்லை. போய் வந்தேன். வழியில் நடந்ததையும் சேர்த்தே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெண்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குக் கிளம்பும் நாளில் மாதவிடாய் வந்துவிட்டால், காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து, போகிறவள் கையில் கொடுத்தனுப்புவார்கள். (இந்த விலக்கே எனக்குப் பிடிக்காது. அது வேறு சண்டை.) மூன்று வருடமாக எல்லோருடைய முடிச்சையும் சுமந்து போகிறவள் நான்தான். "நீ மட்டும் எப்டிடி தப்பிக்கிற?" என்பார்கள். சிரித்து மழுப்புவேன்.

இந்த முறை அறைத்தோழி கலாவும் வந்தாள். அரக்கோணத்துக்காரி, தொழிற்சாலையில் என்னுடன் ஒரே லைனில் கான்ட்ராக்ட் வேலை. வேலை நிரந்தரமாகப் போகிறவர்களின் பெயர்களை அந்த வாரம் அறிவிப்பதாகப் பேச்சு. நேரில் நின்று வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

காலை ஏழு மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ. ஆளுக்கு முப்பது ரூபாய், இருபது நிமிடப் பயணம். "லேடீஸ்லாம் பின்னாடி குந்துங்க, ஜென்ட்ஸு முன்னாடி வா" என்று டிரைவர் அடுக்கினார்.

கோயில் குளத்தருகே இறங்கியதும் கழிப்பறைக்குப் போன கலா, கடுகடுவென்று திரும்பி வந்தாள்.

"உன் மாத்திர சுத்த டுபாக்கூரு!"

"எந்த மாத்திர?"

"டெய்லி போட்டுக்கினு கீறியே, அதான். காலைல உன் டப்பாலேர்ந்து ஒண்ணு எடுத்து முழுங்கினேன். தேதி தள்ளிப் போவும்னு பாத்தா, இங்க வந்து மானத்த வாங்குது."

தேதியைத் தள்ளிப்போட எங்கள் பெண்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது சகஜம். அதே மாத்திரையை நான் மாதம் முழுக்கப் போடுகிறேன், அதனால்தான் ஒரு முறைகூட ஒதுங்குவதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறாள், மகராசி!

"அறிவு கீதா ஒனக்கு? இன்னா மாத்திரன்னு தெரியாமயா வாய்ல போடுவ?" என்று கத்திவிட்டேன். வைட்டமின் என்று சமாளித்திருக்கலாம். மழுப்பி மழுப்பி எனக்கே அலுத்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

எனக்கு மாதவிடாய் வராது. கர்ப்பப்பை இல்லை. என் குரோமோசோம் எக்ஸ்-ஒய், பெரும்பாலும் ஆண்களுக்கு இருப்பது. வயிற்றுக்குள் விரைகள் இருந்தன, டெஸ்டோஸ்டிரோனும் நன்றாகவே சுரந்தது. ஆனால் என் உடம்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் அம்மா வயிற்றிலேயே பெண்ணாக வளர்ந்தேன். அந்த ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் மார்பும் வளர்ந்தது. பிறகு ஆபரேஷன் செய்து அந்த விரைகளை எடுத்துவிட்டார்கள். எலும்பு பலவீனமாகாமல் இருக்கத்தான் தினமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. தேதியைத் தள்ளிப்போடுவது வேறு ஹார்மோன். என்னைப் போன்றவர்களை ஊடுபால், இங்கிலீஷில் இன்டர்செக்ஸ், என்கிறார்கள்.

கலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நீ ஆம்பளையா?"

"ஆம்பளையா இருந்தா மூணு வருஷமா உங்கூட பாத்ரூமுக்கு அடிச்சிக்குவேனா? பொம்பளதான்டி. இப்டி பொறந்த பொம்பள."

அவள் தன் காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். முடிச்சை என் கையில் தரவில்லை, படியில் வைத்தாள். எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் விடுதியில் போய்ச் சொன்னால் என் கட்டில் போய்விடும் என்ற பயம் ஒருபுறம். கட்டில் போனால் வேறு கட்டில் கிடைக்கும், கலா போனால் என்ன செய்வேன்?

கிருத்திகைக் கூட்டத்தில் தரிசனத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முருகன் நம்மைவிட நெடுநெடுவென்று உயரம், பின்வரிசையில் நின்றாலும் தெரிவார். கலாவின் வேலைக்காக வேண்டிக்கொண்டேன். வழக்கமாக எனக்கென்று ஒன்று கேட்பேன்: என்னையும் மற்றவர்களைப் போல ஆக்கு. அன்று அது வாயில் வரவில்லை. மூன்று ஷிப்டும் பார்த்து, தன் சம்பளத்தில் தங்கையைப் படிக்க வைக்கிற உடம்பு இது. இதில் எதைத் திருத்தச் சொல்வது? பெருமையாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், அவ்வளவு பெருமை.

வெளியே வந்தால் படிக்கட்டில் கலா இல்லை. தனியாகவே ஆட்டோ நிற்குமிடத்துக்கு நடந்தேன். கிளம்பத் தயாராக ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஒருவர் பின்சீட்டில் ஏறக் காலை வைத்தார். உள்ளிருந்து ஒரு அதட்டல்.

"ணா, நீ முன்னாடி போய் குந்து. இங்க லேடீஸ் வராங்க."

கலாதான். பக்கத்தில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னா இவ்ளோ நேரம்? பசிக்குது" என்றாள். எனக்குக் கண் கலங்கியதைக் காற்றின் மேல் பழி போட்டேன்.

போகிறவர்களுக்கு: கிருத்திகையைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. தண்ணீர் கொண்டு போங்கள். அடுத்தவருடைய ஹார்மோன் மாத்திரையைத் தொடாதீர்கள். என்னைப் போலப் பிறந்தவர்களே, பயணத்திலும் உங்கள் மாத்திரையை மறக்காதீர்கள். அன்று அவசரத்தில் நான் மறந்திருந்தேன். விடுதிக்கு வந்ததும் கலாதான் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"நான் ஒண்ணு போட்டேன். நீ போட்டியா?"