குடை போட்ட தட்டு

2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பாண்டிச்சேரி வண்டி ஏறினேன். டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய், தூரம் ஏறத்தாழ இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். வெயில் படாத பக்கம் எது என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆத்தூர் வருவதற்குள் வெயில் என் மடியில் இருந்தது.

சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ரெக்கார்டு பிளேயர் ஊசி. போகிற வீட்டில் ஊசி இல்லாமல் போனால்? ஒவ்வொரு வேகத்தடைக்கும் திறந்து பார்த்துக்கொண்டேன்.

"பீடி புடிக்கணும்னா கீழ எறங்கிப் புடிங்க. சும்மா சும்மா தீப்பெட்டியத் தொறந்தா எனக்குத்தான் பயமா இருக்கு" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

விஷயம் இதுதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அங்கே ஒரு இங்கிலீஷ் ராக் ஆல்பம் இருந்தது. அட்டையில் தண்டவாளத்தின் நடுவே ஒரு சிவப்புக் குடை விரிந்து கிடக்கும். பெயரைப் படிக்கத் தெரியாததால் எனக்கு அது குடைத் தட்டு. பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக ஏறிப் போகிற இடம் வந்தால், கையிலிருக்கும் பற்றவைப்புக் கம்பியைக் கீழே வைத்துவிடுவேன்.

எங்களிடம் இருந்தது கல்கத்தாவில் அச்சான தட்டு. ஒருநாள் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் பழுதான பிளேயரோடு, அதே ஆல்பத்தின் பிரெஞ்சுப் பதிப்பைக் கொண்டுவந்தார். ரிப்பேர் முடித்துச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தேன். கடைசிப் பாட்டு தேய்ந்து அடங்கிய பிறகு, ஒரு நாய் ஒரே ஒரு தடவை குரைத்தது. எங்கள் தட்டில் அது கிடையாது.

முதலாளிக்குப் போட்டுக் காட்டுவதற்குள் பாண்டிச்சேரிக்காரர் தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளி நம்பவில்லை. பிற்பாடு பழகிய தட்டு சேகரிப்பவர்களும் நம்பவில்லை. என் மனைவி, "ஒங்களுக்கு எப்பவும் இல்லாததுதான் கேட்கும்" என்று முடித்துவிட்டாள். அடுப்பில் கேஸ் கசிவது, மாடியில் குழாய் சொட்டுவது எல்லாம் எனக்கு மட்டும் கேட்கிறதாம். இருபத்தெட்டு வருஷமாக அந்த நாயும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தப் பயணத்துக்கு முந்தின வாரம் பழைய சாமான் வியாபாரி ஒருவர் பாண்டிச்சேரி நம்பர் ஒன்று கொடுத்தார். பிரெஞ்சுப் பொருள் நிறைய உள்ள வீடு என்றார். போன் போட்டு, "குடை போட்ட தட்டு இருக்காம்மா?" என்று கேட்டேன். "இருக்கு. பிரான்ஸ்ல இருந்து வந்தது. ஒரு கீறல் கெடையாது" என்றது ஒரு பெண் குரல்.

பதினொன்றே காலுக்குப் பாண்டிச்சேரியில் இறங்கினேன். கருவடிக்குப்பம் நாலு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். நாற்பது என்றேன். விலாசத்தை வாங்கிப் பார்த்தார்.

"சொல்தா வூடு சார் இது. ஈரோல பென்சன் வாங்குற வூட்டுக்குப் போறீங்க, எங்கிட்டப் போயி இருவது ரூபாய்க்கு மல்லுக்கு நிக்கிறீங்களே!"

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள்; யூரோ இவர்கள் வாயில் ஈரோ. அறுபதுதான் கொடுத்தேன்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தெருவே மதாம் என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைத்தேன். மேசைக்கு அடியில் ஒரு கிழட்டு நாய். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"வாங்க, மெதோர் ஒண்ணும் பண்ணாது. பதிமூணு வயசாவுது. கொலைச்சே ரெண்டு வருசம் ஆச்சு. திருடன் வந்தா பீரோ எங்க இருக்குன்னு காட்டிவுடும்" என்றார் மதாம். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார்.

பீங்கான் தட்டு. நடுவில் ஒரு வெள்ளைக்காரி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாருங்க, ஒரு கீறல் இருக்கா?"

"நான் கேட்டது பாட்டுத் தட்டு, மதாம்!"

"தீஸ்க்கா? அத தீஸ்க்குன்னு சொல்ல வாணாமா? தட்டுன்னா சாப்புடுறதுன்னுதான நெனைப்பேன்!"

இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். தலையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "அவரோட தீஸ்க்கெல்லாம் அலமாரில கெடக்கு, வேணும்னா பாருங்க" என்றார்.

செத்துப்போன கணவருடைய தட்டுகள், ஒரு நாற்பது இருக்கும். அடியிலிருந்து மூன்றாவதாக வந்தது குடை! கல்கத்தா அட்டை அப்பளம் மாதிரி. இதுவோ புத்தகம்போல விரிகிற தடித்த அட்டை. கீழே போட்டுவிடுவேனோ என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் பிளேயரில் ஊசி மொக்கை. தீப்பெட்டியைத் திறந்தேன்.

இரண்டாம் பக்கம். கிட்டார் ஏறியது, இறங்கியது. பாட்டு தேய்ந்தது. மூச்சைப் பிடித்தேன். சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

"மதாம்! அடுப்பை நிறுத்துங்க!"

"பருப்பு வேவ வாணாமா?"

கெஞ்சி அடுப்பை அணைக்க வைத்தேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். "புழுங்குதே" என்றார். ஒரு நிமிஷம் என்றேன். ஊசியை மறுபடி வைத்தேன்.

பாட்டு அடங்கியது. லேசான கரகரப்பு. பிறகு, ஒரே ஒரு குரைப்பு.

நான் திரும்புவதற்குள் மெதோர் எழுந்துவிட்டது. நாலு கால்களும் ஆட, ஒலிபெருக்கிக்கு எதிரே நின்று பதிலுக்குக் குரைத்தது. தட்டு ஓய்ந்த பிறகும் விடவில்லை.

"மோன் தியே! கடவுளே, இது கொலைக்குதே!" என்று மதாம் ஓடிவந்து நாயைக் கட்டிக்கொண்டார்.

"ஒங்களுக்கும் கேட்டுச்சா, மதாம்? தட்டுல?"

"எனக்கென்ன கேட்டுது? நான் பருப்ப நெனைச்சிக்கிட்டு இருந்தேன்."

இன்னொரு தடவை வைக்கவா என்றேன். மெதோருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று தடுத்துவிட்டார். விலைக்குக் கேட்டேன்.

"நேத்து கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். இப்ப எப்டி? எம்புள்ள வாயத் தொறந்த தீஸ்க் இது. நீங்க அந்தத் தட்ட எடுத்துக்குங்க."

ஊசியையும் அங்கேயே விட்டுவிட்டேன். மெதோருக்குத் தேவைப்படும்.

மூன்றரை மணிக்குத் திரும்பும் வண்டி. மடியில் பீங்கான் தட்டு. மதகடிப்பட்டு தாண்டியதும் பின் சக்கரத்திலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காலையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு கவலைப்பட்டிருப்பேன். இப்போது எழுந்துபோய்க் கண்டக்டரை விசிலடிக்கச் சொன்னேன். டிரைவர் இறங்கி, ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்லய்யா! ஒனக்கு மட்டும் எப்டிக் கேக்குது?"

வண்டி முழுக்கச் சிரித்தது. நான் தட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் இருந்தது. மெதோர் வந்திருந்தால் அதற்கும் கேட்டிருக்கும்.