தங்கம்மையின் நடுக்கண்டம்

எந்த வீட்டில் காசு வந்திருக்கிறது, எந்த வீட்டில் வற்றிப் போயிற்று என்பது வங்கிக்காரருக்கு முன்னால் மீன்காரனுக்குத் தெரியும். விழிஞ்ஞத்தில் ஏலம் எடுத்து, கோட்டுகால் வழியாக அமரவிளை வந்து, அங்கிருந்து பாறசாலைப் பக்கத்து ஊடுவழிகளில் ஸ்கூட்டரில் ஹார்ன் அடித்துக்கொண்டு விற்கிறேன். முப்பது வருஷமாக இதே வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் நான் மறந்ததில்லை. முதியோர் பென்சனுக்கு எழுதிக்கொடுத்துத் தள்ளுபடியான என் கூட்டாளிகளே, இது உங்களுக்குத்தான்.

கேடான ஹார்ன்

அறுபது முடிந்ததும் பஞ்சாயத்தில் பென்சனுக்கு எழுதிக்கொடுத்தேன். விசாரிக்க ஆள் வந்தபோது நான் மீனோடு தெருவில் இருந்தேன். வீட்டிலும் யாரும் இல்லை. இளைய மகளுக்கு ஒரு வரன் பார்க்கப் போயிருந்தார்கள். பிறகு பதில் வந்தது: நல்ல வீடு, மகன் கல்ஃபில், தகுதி இல்லை. கான்கிரீட் வார்ப்பு வீடுதான், பொய் இல்லை. மாடிக்கு நட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்பதை யாரும் எழுதவில்லை. மகன் கல்ஃபில் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து டெம்போ ஓட்டுகிறான். அதையும் எழுதவில்லை.

வந்தவருடைய பைக் அன்றைக்கு ராஜன் வீட்டு முன்னால் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. ராஜன் கொத்தனாருக்குக் கையாள், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறவன். வேறு யார் சொல்லியிருப்பார்கள்? அன்றோடு அவன் வீட்டு முன்னால் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒருநாள் அவனே வழியில் பிடித்துக் கேட்டான். ஹார்ன் கேடாகிப் போச்சு என்றேன். அவன் சொன்னான்: "எனக்க வீடு தாண்டினா நல்லா அடிக்குதே மாமா."

சாலையை மறித்தவள்

எனக்கு இல்லை என்று சொன்ன பென்சன் ராஜனுடைய அம்மை தங்கம்மைக்கு வந்தது. அதுவரை அந்த வீட்டுக்கு மீன் வாங்குவது ராஜனின் மனைவி சுஜா. நான் நிற்காததால் சாலைச் சந்திப்பு வரை நடந்து வந்து மத்தி என்கிற சாளை வாங்குவாள். விசேஷ நாள் என்றால் பெரிய சூரை மீனின் தலையும் வாலும். அது விலை குறைவு.

பென்சன் வந்த வாரம் நான் வழக்கம்போல் சத்தமில்லாமல் கடந்து போகும்போது தங்கம்மை நடுச்சாலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, இடித்துவிட்டா போக முடியும்? நிறுத்தினேன். சூரையில் நல்ல சதையுள்ள நடுக்கண்டம் ரெண்டு வெட்டச் சொன்னாள். சுருக்குப் பையிலிருந்து புது நோட்டை எடுத்து நீட்டினாள். வீட்டில் விருந்தா என்று கேட்டேன்.

"விருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெட்டிக் கொடுத்த நாள் முதலு தலையும் வாலும்தான் தின்னுதேன் மக்கா. நடுவுல என்ன இருக்குன்னு நானும் பாக்கட்டு."

சிவப்பு நாற்காலி

அதன் பிறகு எனக்கு ஒரு ஆவல் பிடித்துக்கொண்டது. எனக்கு வராத பணம் அடுத்தவன் வீட்டுக்குள் போய் என்னதான் செய்கிறது? அந்த வீட்டு முன்னால் வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தேன். ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை.

முன்பெல்லாம் தங்கம்மை அடுக்களைப் படியில்தான் இருப்பாள். இப்போது முன்வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. பென்சன் கொண்டுவரும் கூட்டுறவு வங்கிப் பெண் வரும்போது கிழவி முன்னால் இருக்க வேண்டும் என்று ராஜன் வாங்கிப் போட்டது. அந்தப் பெண் போன பிறகும் தங்கம்மை அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திரு என்று யாரும் சொல்லவும் இல்லை. பிரஷர் மாத்திரைக்கு மகன் முகத்தைப் பார்ப்பது நின்றது. பேத்திக்குப் பஸ் காசு சுருக்குப் பையிலிருந்து வந்தது. ராஜன் வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதை என் காதால் கேட்டேன். அவன் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மருமகளுக்கு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று நினைத்தேன். நல்ல அயிலை உண்டு, வேணுமா என்று சந்திப்பில் சுஜாவிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "என்கிட்ட கேக்காண்டாம் மாமா. மீன் காரியம் இப்ப அம்மையாக்கும். எனக்கும் ஒரு நடுக்கண்டம் கிட்டுது, பின்ன எதுக்குச் சண்டை?"

பதியாத விரல்

பென்சன் வாங்குகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தில் விரல் வைத்து, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மஸ்டரிங் என்பார்கள். தங்கம்மையின் விரல் பதியவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைத்த கை. கொட்டையின் எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது. பென்சன் நின்றது. மழையும் தொடங்கியதால் ராஜனுக்கு வேலை இல்லை.

நாற்காலி இனி உள்ளே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். போகவில்லை. தங்கம்மையும் அதில்தான் இருந்தாள். ஆனால் ரெண்டு வாரம் அந்த வீட்டில் மீன் இல்லை. மூன்றாம் வாரம் சுஜா சந்திப்புக்கு வந்து கொஞ்சம் சாளை வாங்கினாள். அம்மை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவள் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாத்திரையப் பாதியா ஒடிச்சுத் திங்குது மாமா. கேட்டா முழுசும் தின்னாச்சுன்னு சொல்லும். மீதிப் பாதி தலையணைக்கடியில கெடக்கு."

என்ன மீன் வாங்கும்?

ஒரு மாதம் கழித்து, பைக்கில் ஃபைலோடு ஒருவர் வளைவில் என்னை நிறுத்தினார். பஞ்சாயத்திலிருந்து வருகிறாராம். தங்கம்மை உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டார். இனி அந்த வீட்டு வருமானத்தையும் விசாரித்து எழுதவேண்டும். "சேட்டன் மீன் கொடுக்கிற ஆளல்லே? அந்த வீட்டுல என்ன மீன் வாங்கும்?" என்றார்.

இந்தக் கேள்விக்காக நான் ரெண்டு வருஷம் காத்திருந்தேன். நடுக்கண்டம் என்று ஒரு வார்த்தை போதும், பொய்யும் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது. கூடவே அந்தப் பாதி மாத்திரையும் நினைவுக்கு வந்தது.

"சாளை சார். அதுவும் விலை இடிஞ்சா மட்டும். விசேஷம்னா சூரைத் தலையும் வாலும்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. கூரை ஒழுகும், மகன் ஒரு வேலைக்கும் கொள்ளாது, உதவாது, நாலு நாள் போனால் பத்து நாள் படுத்திருப்பான், குடும்பம் நடத்தத் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். ராஜனைத் திட்ட இத்தனை நல்ல சந்தர்ப்பம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அவர் போதும் என்று கைகாட்டிப் பேனாவை மூடினார். "மதி சேட்டா, மதி. இனி எழுத இடமில்ல."

நல்ல வார்த்தை

பென்சன் திரும்ப வந்தது. தங்கம்மை மறுபடி சாலையை மறித்து நடுக்கண்டம் கேட்டாள். வெட்டிக் கொடுத்துவிட்டு, நான் பஞ்சாயத்துக்காரரிடம் என்னென்ன சொல்லிக் காப்பாற்றினேன் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், முகம் கறுத்து மீனைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

"எலே, வெளியாளு வந்து கேட்டா ஒரு குடும்பத்தப் பத்தி இப்பிடியா சொல்லுவாவ? எனக்க மோன் வேலைக்குக் கொள்ளாதா? முன்ன ஒருத்தன் வந்து, ஒனக்க வீட்டுக்காரங்க எப்பிடின்னு எனக்கிட்டக் கேட்டான். நான் ஒனக்க மானத்த வாங்கினேனா? வார்ப்பு வீடாக்கும், மோன் கல்ஃபிலாக்கும், ஒரு கொறையும் இல்லாத குடும்பம்னு சொன்னேன். ஒனக்க எளைய மோளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாளுன்னு நெனச்சேன், மக்கா."

நான் கத்தியைப் பெட்டி மேல் வைத்தேன். அவள் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ரெண்டடி நடந்தவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அந்த மாப்பிள்ளை பின்ன ஏன் அமையல?"

இப்போது ராஜன் வீட்டு முன்னாலும் ஹார்ன் அடிக்கிறேன், ஆனால் என்னைப் பற்றி நல்லது சொல்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது.