பானுமதி அக்கா போட்ட திருத்தம்

உக்கடம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பானுமதி அக்கா இறந்துவிட்டார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். எங்கள் நாளிதழில் மழை, வெயில், அணை நீர்மட்டச் செய்திகளை எழுதியவர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். நம் ஆட்களுக்கு மழைக்கார அக்கா என்றாலே போதும்.

பருவநிலை மாற்றம் பற்றி அவர் எழுதினால் அன்று முழுக்கத் தொலைபேசி ஓயாது. கோயமுத்தூரில் எந்தக் காலத்தில் வெயில் அடிக்கவில்லை, பேப்பர் விற்பதற்காகப் பயமுறுத்தாதீர்கள் என்பார்கள். எனக்குச் சுர்ரென்று வரும். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, விவரத்தை எங்கே வாங்கினார் என்று சொல்வார். "அவுங்க சந்தேகப்படறதுல தப்பில்ல கண்ணு. தூறல் போட்டாலே வெள்ளம்னு தலைப்பு வெச்சுப்போட்டது நாமதானே" என்பார்.

ஒரு கோடையில், உடுமலைப்பேட்டைப் பக்கம் மழை பருவம் தப்பிப் பெய்வது பற்றி எழுதினார். விவரமெல்லாம் சரி. காய்ந்த தென்னந்தோப்புப் படம் ஒன்றை அவசரத்தில் அவரே தேடிக் கொடுத்தார். மறுநாள் அந்தத் தோப்புக்காரரே கூப்பிட்டுவிட்டார்.

"அம்மணி, படத்துல இருக்கற மரத்தையெல்லாம் போன வருசமே வெட்டிப்போட்டனுங்க. படமே பொய்யின்னா கணக்கு மட்டும் எப்படீங்க நெசமாகும்?"

ஒருவருக்குத்தானே தெரியும், விட்டுவிடலாம் என்றார் செய்தி ஆசிரியர். திருத்தம் போட்டால் இனி எதை எழுதினாலும் சிரிப்பார்கள் என்று பயந்தார். அந்தப் பயமும் நியாயமானதுதான். அக்கா கேட்கவில்லை.

"அதே எடத்துல, அதே அளவுல போடுங்க. இல்லீன்னா இனி என் பேரைப் போடாதீங்க."

படம் பழையது, தவறு என்னுடையது, மழை விவரம் சரியானது என்று திருத்தம் அக்கா பெயரிலேயே வந்தது. செய்தி ஆசிரியர் பயந்தபடியே ஆயிற்று. முதல் வரியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் பரப்பினார்கள், பருவநிலை மாற்றமே பொய் என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டதாக. அன்று மத்தியானம் அக்கா மேசையில் கவிழ்ந்து அழுதார். எனக்கு மனசு ஆறவே இல்லை. மறுநாள் வழக்கம்போல அணை நீர்மட்டம் கேட்டுப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

தோப்புக்காரர் அதன்பின் அடிக்கடி கூப்பிட்டார். அக்காவை நம்பிவிட்டார் என்றெல்லாம் சொல்ல முடியாது. சண்டை பிடிக்கத்தான் கூப்பிடுவார். சண்டை ஓய்ந்ததும், இந்த வருசம் தென்னம்பிள்ளை வைக்கலாமா என்று அவரிடமே கேட்பார். தெரிந்ததைச் சொல்வார் அக்கா, தெரியாததைத் தெரியாது என்பார்.

அக்காவின் உடலை எடுத்த அன்று அந்தத் தோப்புக்காரரும் வந்திருந்தார். அக்காவின் இடத்தில் இனி யார் எழுதுவது என்று விசாரித்தார். நான்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பு வந்தா ஒத்துக்குவீங்களா?"

அக்கா அழுத மத்தியானம் நினைவுக்கு வந்தது. இருந்தும், ஒத்துக்கொள்வேன் என்றேன். நம்பியவராகத் தெரியவில்லை. ஆனாலும் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தத் தோப்புக்காரருடைய சந்தேகத்தைத்தான். அதைப் பத்திரமாக வைத்திருப்பேன்.