பட்டர் இல்லாத ரவைக் கேக்

1. ஏழாம் அறைத் தட்டு

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு சிறிய நேர்ஸிங் ஹோமில், டயட் கிச்சனில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். உப்புக் குறைத்தது, சீனி இல்லாதது, கொழுப்பு இல்லாதது என்று டொக்டர்கள் எழுதித் தரும் சாப்பாடு முழுவதும் என் பொறுப்பு. வீடு கொட்டாஞ்சேனையில். வழியில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்ப்பார்கள் என்பதால் எப்போதும் அரை மணித்தியாலம் முந்தியே புறப்படுவேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கொழுப்பில்லாத கேக்குக்கு ரெசிப்பி கேட்கிறார்கள். அது எனக்குக் கிடைத்த விதத்தையும் அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் ஒரு நாள், தாதிமாருக்குத் தலைவியான மேற்றன் கிச்சனுக்கே வந்துவிட்டார்.

"பிலோமினா, ஏழாம் ரூம் ட்ரே இன்றைக்கும் அப்படியே திரும்பி வந்திருக்கு. வெயிட் இன்னும் குறைஞ்சிட்டுது. இந்த உடம்போட ஒப்பரேஷன் செய்ய ஏலாதாம், டொக்டர் சத்தம் போடுறார். என்னத்தையாவது செய்யுங்க."

ஏழாம் அறையில் இருந்தவர் சபாரத்தினம், யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பித்தப்பை நிறையக் கல். கொழுப்பு உள்ளே போனால் வலி தாங்காமல் சுருண்டுவிடுவார். போரால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம். கடலேரியைப் படகில் கடந்து, மூன்று மாதப் பாஸோடு கொழும்புக்கு வந்திருந்தார். அப்படி வெளியே வருவதென்றால், திரும்பி வருவார் என்று ஒருவர் அங்கே பிணை நிற்க வேண்டும். அவருக்குப் பிணை நின்றவர் மனைவி செல்வராணி. அதனால் இருவரும் சேர்ந்து வர வழியில்லை.

நான் போனபோது கட்டிலில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ரயில் போனது.

"கல்கிசை வண்டி. நாலு நிமிஷம் லேட்" என்றார்.

"மாஸ்டர், சாப்பாடு சரியில்லையா?"

"சாப்பாட்டில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. இறங்குதில்லை."

"என்ன சாப்பிட ஆசை? சொல்லுங்க, செஞ்சு பார்க்கிறேன்."

சற்று வெட்கப்பட்டார். "சொன்னாலும் நீங்கள் தரமாட்டியள். செல்வராணியின்ர ரவைக் கேக்."

2. மூன்று தோல்விகள்

ரவைக் கேக் என்றால் பட்டர், முட்டை மஞ்சள் கரு, கஜு. அவருக்கு ஆகாத மூன்றும் ஒரே தட்டில். கேக்கில் பட்டர் என்பது ருசிக்கு மட்டும் போடுவதல்ல. ரவையை மிருதுவாக்குவதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். அதை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்று இருக்க வேண்டும்.

முதலில் ஆடை எடுத்த பாலில் ரவையை ஊறவைத்துச் செய்தேன். றப்பர் மாதிரி வந்தது. அடுத்ததாகக் கொழுப்புக் குறைந்த தயிர் சேர்த்தேன். மிருதுவாக இருந்தாலும் புளித்தது. மூன்றாவது வாழைப்பழம் பிசைந்து செய்தது. அறை முழுக்க வாழைப்பழ வாசம்.

மூன்றையும் அவர் மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டார். "நல்லாயிருக்கு பிள்ளை. வயித்துக்கும் ஒண்டும் செய்யேல்லை. ஆனா இது அவவின்ர இல்லை."

வேறு வழி தெரியவில்லை. மனைவியிடமே முறையைக் கேட்டு எழுதினேன். ஊருக்குத் திரும்பிய ஒரு நோயாளியின் தம்பி கடிதத்தைக் கொண்டுபோனார். மாஸ்டர் கஞ்சியும் குளுக்கோஸுமாக நாளைக் கடத்தினார். ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டதும் கேட்பார்: "அவ எழுதினவவோ?"

3. கடிதம்

மூன்றாம் கிழமை பதில் வந்தது. கொப்பித் தாளில் இருபக்கமும் நெருக்கி எழுதியிருந்தார்.

"அன்புள்ள தங்கச்சிக்கு, நீங்கள் கேட்ட பழைய முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் கேட்பது அந்தக் கேக் இல்லை. இங்கே பட்டரைக் கண்டு மூன்று வருடமாகிறது. அவருக்கு அது தெரியாது. பட்டர் இல்லாமல் செய்ததை முதல்முறை சாப்பிட்டபோது, பட்டர் கிடைத்ததோ என்று கேட்டார். முகத்தைப் பார்த்ததும் ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்."

அதன் கீழே பட்டர் இல்லாத முறை இருந்தது. அரை இறாத்தல் ரவையை நிறம் மாறாமல் வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். பூசணிக்காயை அவித்து மசித்துப் பனங்கட்டிப் பாகில் கலந்து, அதில் ரவையை நாலு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை அப்பச்சோடா, கொஞ்சம் எலுமிச்சம்பழப் புளி, ஏலக்காய். மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்து, மூடிமேல் தணல் போட்டு வேகவிட வேண்டும்.

நான் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். மருந்துக்காகக் கொழுப்பைக் குறைப்பது எப்படி என்று நான் ஒரு மாதமாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். சாமான் இல்லாத ஊரில் ஒரு பெண் அதை எப்போதோ செய்து முடித்திருந்தார்.

சந்தையில் நல்ல மஞ்சளான பூசணிக்காய் பார்த்து வாங்கினேன். முழு முட்டைக்குப் பதிலாக நாலு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் சேர்த்தேன். முதல்தரம் ஓவனில் காய்ந்துவிட்டது. மூடிய சட்டிக்குள் ஆவி நிற்பது பிறகுதான் மூளைக்கு எட்டியது. அடுத்த நாள் ட்ரேயை மூடி, கீழ்த்தட்டில் தண்ணீர் வைத்து வேகவிட்டேன். பொன்மஞ்சளாக, ஈரம் குறையாமல் வந்தது.

4. ஒரு துண்டு

மாஸ்டர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன பிள்ளை இது? டொக்டர் பட்டரைத் தொடக்கூடாதெண்டவர் எல்லே? இப்பிடி அள்ளிப் போட்டிருக்கிறியள்!"

"பயப்படாம சாப்பிடுங்க மாஸ்டர்."

"இல்லை, எனக்குத் தெரியும். இது அவவின்ர கேக். பட்டர் இல்லாமல் இப்பிடி வராது. இனி ராத்திரி வயித்து நோ துவங்கும்."

அதற்குமேல் தொட மறுத்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனைவி கேட்டபடி மறைத்தால் அவர் சாப்பிடமாட்டார். கடைசியில் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். முடித்தபிறகும் தாளை மடிக்கவில்லை.

"அவ ஒரு நாளும் அதில சாப்பிட்டதில்லை, பிள்ளை" என்றார். "தனக்குப் பட்டர் ஒத்துவராது, வயித்தைப் பிரட்டுது எண்டு சொல்லித் தன்ர துண்டையும் எனக்கே வைப்பா. மூண்டு வருசம். நானும் சரியெண்டு சாப்பிட்டனான்."

நான் வெளியே போகத் திரும்பினேன். "இருங்கோ பிள்ளை" என்றார். தட்டை எடுத்து, அந்தத் துண்டை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். சாப்பிடும்போது கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.

அன்று பின்னேரம் கஞ்சியையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். உடம்பு தேறி, மூன்றாம் கிழமை ஒப்பரேஷன் நடந்தது. பாஸ் முடிய எட்டு நாள் இருக்கும்போது, துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள்.

போவதற்கு முதல் நாள் கிச்சன் வாசலுக்கு வந்தார். "பிள்ளை, ஒரு உதவி. பழைய முறையில ஒண்டு செய்து தாறியளோ? பட்டர், மஞ்சள் கரு, கஜு, ஒண்டும் குறைக்கவேண்டாம். எனக்கில்லை."

மேற்றனிடம் கேட்டேன். "டயட் கிச்சன்ல பட்டர் கேக்கா?" என்று சிரித்தவர், முட்டை வாங்கத் தானே ஆள் அனுப்பினார். பிஸ்கட் டின்னுக்குள் எண்ணெய்த் தாள் விரித்து, இறுக்கி மூடிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சின்னக் கடிதம் வந்தது. வழியில் சோதிக்கும்போது கத்தியால் குத்திப் பார்த்தார்களாம். கேக் உடைந்துதான் போய்ச் சேர்ந்ததாம். பக்கத்து வீடுகளுக்கும் ஆளுக்கொரு நகமளவு கொடுத்தார்களாம். "எனக்கு வைத்த துண்டை முடிக்கும்வரை எதிரில் கதிரை போட்டு இருந்தார். எழும்ப விடவில்லை" என்று செல்வராணி அக்கா எழுதியிருந்தார்.

பிறகு அந்த ஊரே இடம்பெயர்ந்தது. நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அதன்பின் நோயாளி ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டால், நான் உடனே சாமான் கணக்குப் பார்ப்பதில்லை. கடைசியாக அதை யார் செய்து கொடுத்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று முதலில் விசாரிப்பேன். எதைக் குறைக்கலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். நான் இந்த வேலையில் கற்றது அவ்வளவுதான்.

செல்வராணி அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. கையெழுத்துத்தான் தெரியும். வெள்ளவத்தைக் கடைகளில் ஊரிலிருந்து வந்த வயதான பெண்கள் யாராவது பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு நின்றால், பெயரைக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றுவிடுகிறேன்.