எஸ்தர் டீச்சரும் மூடாத பி.ஏ. தமிழும்

வெட்கக்கேடுதான், சொல்லிவிடுகிறேன். எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் கோவிந்தாபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசத்தில் இருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் வைத்திருந்தால் டீச்சரே ஏசியிருப்பார் என்று இலையை மடக்கும்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டீச்சரோடு பழகி, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களுக்குத் தெரியும், எல்லைக்கு மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறையே இரண்டு பேர்தான். அவர் இடுக்கி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், நான் உள்ளூர்க்காரன். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பி.ஏ. தமிழை நிறுத்தப்போகிறோம் என்று பல்கலைக்கழகம் எழுதியதும் போராட்டக் குழு அமைத்தோம். டீச்சர் தலைவர். செயலாளர், பொருளாளர், திரண்டெழுந்த கூட்டம் எல்லாம் நான்.

திங்கட்கிழமைதோறும் மதிய இடைவேளையில் கல்லூரி கேட்டருகே உட்காருவோம். தமிழில் கோஷம் போட்டால் வாட்ச்மேன்கூடத் திரும்புவதில்லை. மலையாளத் துறைப் பிள்ளைகள் இரக்கப்பட்டு, கைதட்டலோடு மலையாளக் கோஷம் பழக்கிக் கொடுத்தார்கள். தமிழுக்காக மலையாளத்தில் கத்தினோம். எனக்குத் தாளம் ஒரு தட்டு பிந்தியே வரும். "சார், நீங்க வாயை மட்டும் அசைங்க. சத்தத்தை நான் பாத்துக்கிடுறேன்" என்றார் டீச்சர்.

அட்மிஷன் சமயத்தில் பிள்ளை பிடிக்க வடகரப்பதிப் பக்கம் வீடு வீடாகப் போனோம். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிராமலே கேட்டார்: "ஏனுங் டீச்சர், ஊட்டுல பேசறதப் படிக்கறதுக்கு மூணு வருசம் வேணுங்களா?"

"தெனம் சோறு நீங்கதான பொங்குறீக? கல்யாணம்னா மட்டும் எதுக்குச் சமையக்காரரைத் தேடுறீக?"

அந்த அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மோர் வந்தது. மகளும் சேர்ந்தாள். மோர் இரண்டு டம்ளர் குடித்தது அன்றைய போராட்டத்தில் என் பங்கு.

பல்கலைக்கழகத்தில் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "டீச்சரே, குட்டிகள் இல்லல்லோ. பின்னெ எந்தினா கோர்ஸ்?" என்றார் அதிகாரி, பிள்ளைகளே இல்லாமல் கோர்ஸ் எதற்கு என்று. டீச்சர் நிதானமாகத் தமிழிலேயே சொன்னார்: "ஆள் இல்லன்னு பஸ்ஸை நிறுத்துவீக. பஸ் வராதுன்னு ஆளுக நடந்து போயிருவாக. அப்புறம் பாத்தீகளா, ஆளே இல்லன்னு சொல்லுவீக." அதிகாரி மேலே ஓடும் விசிறியைப் பார்த்தார். முடிவை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். அடுத்த வருடம் மறுபடி அதே விசாரணை, அதே விசிறி. மறுபடி ஒரு வருடம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. இந்த வாரத்தோடு நிறுத்திவிடுவோம் என்று எத்தனையோ திங்கட்கிழமை நினைத்துக்கொண்டே போயிருக்கிறேன். அங்கே கறுப்புக் குடையை விரித்து டீச்சர் எனக்கு முன்பே உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைப்பேன்.

பி.ஏ. தமிழ் இந்த வருடமும் இருக்கிறது. டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தளராத பிடிவாதத்தைத்தான். வரும் திங்கட்கிழமையும் போவேன். சத்தத்தை இனி நானே போட்டாக வேண்டும்.

அன்று அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நிற்கும்போது டீச்சரின் கணவர் ஜெயராஜ் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு திங்களும் 'போதும், விட்ருவோம்'னுதான் சொல்லுவா சார். 'ஆனா அந்த மனுசன் ஆசையா வந்து நிப்பாரே, அவருகிட்ட எப்பிடிச் சொல்ல'ன்னு கெளம்பிருவா."