குருவிக்காகக் குறைத்த மேசை

அரியரத்தினம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதை அவர் ஒளித்ததில்லை. கப்பல் தச்சனாக மெல்பேர்ணில் வந்திறங்கி, அங்கேயே ரிச்மண்டில் சொந்தப் பட்டறை போட்ட கதையைச் சொல்ல அது நல்ல தொடக்கம். செய்து முடித்த சாமானில் மறுபடி வாள் வைத்து அறுத்ததில்லை என்பது அவருடைய அடுத்த வசனம்.

1976இல் நூலகம் ஒன்று அவரிடம் கண்ணாடி மூடி போட்ட மேசை கேட்டது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் தோலில் கையால் எழுதி, தங்கப் பூச்சோடு படம் வரைந்த ஜெபப் புத்தகமொன்றை அதற்குள் விரித்து வைக்கப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும், அவர்களின் நெஞ்சளவு உயரம் போதும் என்றார்கள். விரிக்கப்போகும் பக்கத்தில் சிலுவையில் யேசுநாதர் இருந்தார்.

அரியரத்தினம் பெரியவர்களின் நெஞ்சளவுக்குச் செய்து கொண்டுபோய் இறக்கினார். புத்தகத்துக்குப் பொறுப்பாயிருந்த சந்திரகலா தலையில் கைவைத்தாள்.

“என்ன அண்ணை இது? நாளைக்குத் திறப்பு!”

“சாமிப் படத்தை முழங்காலுக்குக் கிட்ட வைக்கிறதோ? என்ரை கையால அந்தப் பாவத்தைச் செய்யமாட்டன், பிள்ளை.”

“அப்ப சின்னப் பிள்ளையள்?”

“தூக்கிக் காட்டட்டும். தேர் பாக்கேக்கை நாங்கள் தூக்கேல்லையோ?”

அவள் புத்தகத்தின் வேறொரு பக்கத்தை விரித்தாள். அதில் யேசுவும் இல்லை, மாதாவும் இல்லை. எழுத்தைச் சுற்றிக் கொடி. கொடியில் சிட்டுக்கள், ஒரு மயில். பக்கத்தின் அடியில், பெருவிரல் நகமளவில், கூட்டுக்குள் ஒரு வெள்ளைப் பறவை.

அரியரத்தினத்தின் முகம் தெளிந்தது. பறவை வாகனம்தானே. வாகனம் சாமிக்குக் கீழே நிற்பதுதான் முறை. வாளை எடுத்து நான்கு கால்களையும் பிசகாமல் குறைத்தார்.

மரத்தூளைக் கூட்டிப் பெருக்கும்போதுதான் அந்த வெள்ளைப் பறவையைக் கிட்டக் குனிந்து வடிவாகப் பார்த்தார்.

“இதென்ன, தன்ரை நெஞ்சைத் தானே கொத்துது?”

“பெலிக்கன், அண்ணை. தன்ரை ரத்தத்தைக் குடுத்துச் செத்த குஞ்சுகளை எழுப்புது எண்டு அந்தக் காலத்தில நம்பினவை. யேசுநாதருக்கு அடையாளம் அதுதான்.”

அவர் வெட்டிய துண்டுகளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதை முதலே சொல்லேலாதோ?”

“சொல்லியிருந்தா வெட்டியிருப்பியளோ?”

மறுநாள் திறப்புக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், குற்றம் செய்தவர் போலச் சுவரோரம் நின்றார். தொப்பி வைத்த ஒரு சீமாட்டி குனிந்து பார்த்தாள். அந்தச் சின்னப் பறவை கண்ணுக்கு அகப்படவில்லை. முழங்காலில் நின்றாள். அவளுக்குப் பின் ஒரு கிழவர், கைத்தடியை ஊன்றி மெல்ல இறங்கி முழங்காலிட்டார். பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள்.

அரியரத்தினம் சுவரை விட்டு மேசையடிக்கு வந்தார்.

“இப்ப மனம் ஆறிச்சோ, அண்ணை?” என்றாள் சந்திரகலா.

“வெள்ளைக்காரர் எல்லாம் முழங்காலில நிக்கினம். அளவு பாத்து வெட்டினது ஆர் எண்டு நினைக்கிறீர்?” என்றார் அவர்.